ஈஸ்வரபாண்டி தலைக்கு ஏற்ற ஷாம்பு

சின்னமனூர் உரக்கடை ஈஸ்வரபாண்டிக்குத் தெரியாத பயிர் நோய் கிடையாது. வாழை இலை பழுத்தால் ஒரு மருந்து, திராட்சையில் சாம்பல் பூத்தால் ஒரு மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். அப்பேர்ப்பட்டவரின் தலைமுடி மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. குளித்துவிட்டு வந்தால் தேங்காய் நாராக விறைத்து நிற்கும். மனைவி நாகஜோதியின் கூந்தலோ வழுக்கிக்கொண்டு இடுப்புவரை இறங்கும். ஒரே வீடு, ஒரே சோறு. வித்தியாசம் ஷாம்புவில்தான் என்று ஒரு சனிக்கிழமை காலையில் கண்டுபிடித்தார்.

"பயிருக்குத் தகுந்த மருந்து, முடிக்குத் தகுந்த ஷாம்பு. ஒரே மாசத்துல என் தலைய உன் தலை மாதிரி ஆக்கிக் காட்டுறேன், பாரு" என்றார்.

நாகஜோதி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஆகலேன்னா?"

"நீ கேக்குறதச் செய்றேன்."

"அப்ப குளிக்கிற ரூமுக்கு ஆத்துத் தண்ணி பைப்பு போடணும். ஜெயிச்சிட்டீகன்னா அந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

ஆறு வருஷமாக எடுக்கிற பேச்சு அது. ஆற்றுத் தண்ணீர்க் குழாய் அடுப்படியோடு நின்றுவிடும். குளியலறைக்கு ஆழ்துளைப் போர் தண்ணீர்தான். புதுக் குழாய் இழுக்க வேண்டுமானால், மதுரைவரை போய் அவரே பொறுக்கிவந்து ஒட்டிய மயில் டைல்ஸை உடைக்க வேண்டும். அந்த மயில்கள் மேல் அவருக்கு உயிர். ஆனாலும் ஜெயிக்கப் போகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்? சரி என்றார்.

செல்போன் சொன்னபடி டம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டுத் தன் முடி என்ன ரகம் என்று பார்த்தார். காலையில் மிதந்தது, சாயங்காலம் மூழ்கியது. இரண்டு ரகத்துக்கும் வாங்கினார். வறண்ட முடிக்கு, பிசுபிசுத்த முடிக்கு, பொடுகுக்கு என்று குளியலறையே இன்னொரு உரக்கடை ஆயிற்று. எதைப் போட்டாலும் நுரை வரவில்லை. டோஸ் பத்தவில்லை என்று இரண்டு மூடி ஊற்றினார். நார், கயிறு ஆனது.

இருபதாம் நாள், தென்னந்தோப்புச் சின்னக்கருப்பு, வாங்கிப்போன மருந்து பலிக்கவில்லை என்று கடைக்கே வந்து சண்டை பிடித்தார். ஈஸ்வரபாண்டி விடவில்லை. உப்புத் தண்ணியில் கலந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது, தண்ணியைச் சோதிக்காமல் மருந்தைக் குறை சொல்லக்கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி பாடம் நடத்தினார். சாப்பாடு கொண்டுவந்திருந்த நாகஜோதி அதைக் கேட்டுக்கொண்டே தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனாள்.

முப்பதாம் நாள், மானத்தைவிட்டு மனைவியின் பாட்டிலையே எடுத்துத் தேய்த்தார். அதற்கும் கயிறுதான். துண்டோடு அடுப்படிக்கு வந்து, அவள் தலைக்கு உண்மையில் என்னதான் போடுகிறாள் என்று கேட்டார்.

"கடையில கெடைக்கிறதத்தான். ஆனா நீங்க கடைக்குப் போனப்புறம், இங்கன அடுப்படிக் குழாயில ஆத்துத் தண்ணி ரெண்டு குடம் பிடிச்சு அலசிக்குவேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஊருக்கே சொல்ற ஆளு நீங்க. உப்புத் தண்ணியப் பத்திச் சின்னக்கருப்பு அண்ணனுக்கு அம்புட்டு விளக்கமாச் சொன்னீகல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

மயில்களை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும். ஆள் கிடைக்கட்டும், தை மாதம் பார்க்கலாம் என்று மெல்ல இழுத்தார். அதற்குள் வாசலில் பிளம்பர் மாரிசெல்வம் டிரில் மிஷினோடு வந்து நின்றான்.

"உன்னைய யாருப்பா வரச் சொன்னது?"

"அக்காதான். நீங்க பந்தயம் கட்டுன அன்னைக்கே இந்தத் தேதியக் குறிச்சுக் குடுத்துட்டாக, அண்ணே."