ஒன்பதாம் நம்பருக்கு ஒரு டிரைவிங் பாடம்

காரின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறிய ஆளின் மேல்சட்டையைப் பார்த்ததும், மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

கருநீலச் சட்டை. மார்பில் கிளப்பின் முத்திரை. கூரையில் தலை இடிக்காமல் இருக்க, ஆள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் வலது முட்டியைத் தடவிக்கொண்டார்.

"வணக்கம் மாஸ்டர். நாளைக்கு எனக்கு டெஸ்ட். இன்னிக்கு ஒரு தடவை ஊரைச் சுத்தி வந்துடலாம்னு உங்க முதலாளி சொன்னார். முட்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணும். ரெண்டு ஆபரேஷன் ஆச்சு."

மாஸ்டர் தேநீர் டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்தார்.

காலையில் முதலாளி போனில் சொன்னது இப்போதுதான் சரியாக உறைத்தது. "கிளப்புக்குப் புதுசா வந்திருக்கிற ஆளுய்யா. பெரிய இடம். பேரைக் கேக்காதே, போட்டோ எடுக்காதே. முக்கியமா, உன் கால்பந்துக் கதையை ஆரம்பிக்காதே. வண்டியை மட்டும் சொல்லிக்குடு."

கிளப்புக்குப் புதிதாக வந்த உயரமான ஆள், முட்டி ரிப்பேர். இந்த ஊரில் அது ஒரே ஒருவர்தான், கால்பந்து அணியின் புது முன்னணி ஆட்டக்காரர். ஒன்பதாம் நம்பர். மாஸ்டர் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. சீசனுக்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில். போனில் விட்டுவிட்டு வந்த நேரலைப் படத்தில்தான் பார்த்தார். போதாததற்கு, மூக்கு உடைந்து பாதி முகத்தை மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு ஆடினார் அந்த மனிதர்.

முகம் தெரியாவிட்டால் என்ன? அவரைப் பற்றித்தான் மாஸ்டர் நேற்று சாயங்காலம் ரேடியோவில் ஊருக்கே சொற்பொழிவு செய்திருந்தாரே.

ரசிகர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சி அது. பல வருடங்களாக முயன்றும் கிடைக்காத லைன், நேற்று பார்த்துக் கிடைத்துத் தொலைத்தது.

"ஒட்டகம் சார் அது!" என்று மாஸ்டர் முழங்கியிருந்தார். "பாலைவனத்துல விடவேண்டியதை மைதானத்துல விட்டிருக்காங்க. பந்து இந்தப் பக்கம் போனா, அது கழுத்தைத் திருப்பிப் பார்க்கறதுக்குள்ள பாதி ஆட்டம் முடிஞ்சுடுது. முட்டி ரெண்டும் போச்சு. நாலு பயிற்சி ஆட்டத்துல ஒரே ஒரு கோல் போட்டுச்சு, அதுவும் நம்ம வலைக்குள்ள! இதை வெச்சுக்கிட்டு நம்ம சிட்டை அனுப்பினாங்கன்னா, இந்த வருஷம் நாம கீழ் டிவிஷன்தான். எழுதி வெச்சுக்குங்க!"

சிட்டு என்பது கிளப்பிலேயே வளர்ந்த குட்டையான முன்னணி ஆட்டக்காரன். எதிரணித் தடுப்பாளர்களின் அக்குள் உயரம்தான் இருப்பான். பயிற்சி ஆட்டங்களில் கடைசி நேரத்தில் மட்டும் இறக்கிவிடப்பட்டு, அதிலேயே மூன்று கோல் போட்டவன். அணியில் முன்னணிக்கு ஓர் இடம்தான் பாக்கி. ஒட்டகமா, சிட்டா என்பது இன்று மாலை தெரிந்துவிடும். யாருக்கு இடமில்லையோ அவரை விற்றுவிடுவார்கள். இரண்டு வாரமாக மாஸ்டர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே கிடையாது.

பேசி முடித்ததும் ரேடியோக்காரர் பெயரைக் கேட்டார். மாஸ்டர் ரொம்ப உஷார். "பேரெல்லாம் வேணாம் சார். டிரைவிங் மாஸ்டர்னு வெச்சுக்குங்க" என்றார். அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். ஊரில் இருப்பதே இரண்டு டிரைவிங் ஸ்கூல் என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"கிளம்பலாமா மாஸ்டர்?" என்றார் வந்தவர்.

குரல்! குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால்? மாஸ்டர் தொண்டையைக் கனைத்து, குரலைக் கிணற்றின் ஆழத்துக்கு இறக்கினார்.

"கிளட்சை மிதிங்க. முதல் கியர்."

"என்ன மாஸ்டர், தொண்டை கட்டிக்கிச்சா?"

"சளி."

"ஐயையோ, அப்போ பேசாதீங்க. கையைக் காட்டுங்க, போதும். நான் புரிஞ்சுக்கறேன்."

இதுவும் நல்லதாகப் போயிற்று என்று மாஸ்டர் நினைத்தார். கையைக் காட்டினார், வண்டி கிளம்பியது. கையைக் காட்டினார், திரும்பியது. கடைத்தெரு முனைவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே பயத்தில் நெற்றியில் ஊறிய வியர்வையை மாஸ்டர் இடது கையால் வழித்து வீசினார். வந்தவர் அதையும் சைகை என்று எடுத்துக்கொண்டு, வண்டியை இடது பக்கச் சந்துக்குள் திருப்பிவிட்டார்.

அது ஒருவழிப் பாதை. எதிரே, சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பஸ் வந்தது.

"பிரேக்கு! பிரேக்கைப் போடுங்க! அட, கழுத்தைத் திருப்பிப் பாருங்க சார்!"

தன் பக்கத்து பிரேக்கை மாஸ்டர் இரண்டு காலாலும் மிதித்ததில் வண்டி குலுங்கி நின்றது. பஸ்ஸின் மூக்கும் காரின் மூக்கும் முத்தமிட ஒரு சாண்தான் மிச்சம். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, மாஸ்டரின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு விசாரித்தார்.

ஆனால் மாஸ்டரின் கவனம் அங்கே இல்லை. பக்கத்து சீட்காரர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி போயிடுச்சு போல."

"பயத்துல... போயிடுச்சு சார்."

"இந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே." வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே அவர் யோசித்தார். "கழுத்தைத் திருப்பி... ம். நேத்து ரேடியோ! டிரைவிங் மாஸ்டர்னு ஒருத்தர் பேசினார். நீங்கதானா அது?"

"நானா? சேச்சே!" மாஸ்டர் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டார், பெல்ட்டுதான் பிடித்து உட்கார வைத்தது. "அது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஸ்கூல் மாஸ்டர் சார். எங்க ரெண்டு பேர் குரலும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாரும் சொல்லுவாங்க."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. அங்கேயே போகலாம். அந்த ஆளை நான் நேர்ல பார்த்தாகணும்."

"எதுக்கு சார்?"

"பேசணும்."

அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னபோது கியரைப் பிடித்திருந்த அவர் கை விரல்கள் வெளுத்துப் போயின. மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். முறம் மாதிரி இருந்தது. ஒரு அறை விழுந்தால் தன் பல்செட்டு எந்தத் தெருவில் போய் விழும் என்று மனம் கணக்குப் போட்டது.

பஸ் ஸ்டாண்டு ஸ்கூல் மாஸ்டர் பாவம், கால்பந்தின் வாசனையே அறியாதவர். பந்து உருண்டை என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. போனால் அடுத்த நிமிஷமே குட்டு உடைந்துவிடும். மாஸ்டர் தனக்குத் தெரிந்த சுற்றுவழியெல்லாம் சொன்னார். வந்தவரோ பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நேராக ஓட்டினார். பிடிவாதத்தில் இவ்வளவு நன்றாக ஓட்டுகிற மாணவரை மாஸ்டர் பார்த்ததே இல்லை.

அந்த ஸ்கூல் வாசலில் வண்டி நின்றது. வந்தவர் பெல்ட்டைக் கழற்றினார். மாஸ்டரின் போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. போன் காரின் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. வெட்டுவதற்காக மாஸ்டர் பாய்ந்து ஒரு பொத்தானை அமுக்க, அது எடுக்கிற பொத்தானாகப் போய்விட்டது.

"மாப்ளே!" மனைவியின் அண்ணன் குரல் கண்ணாடிகள் அதிரக் கேட்டது. "நேத்து ரேடியோல பின்னிட்டியே! ஒட்டகம்னு சொன்னே பாரு, வீட்டுல பிள்ளைங்க எல்லாம் ஒட்டகம் மாதிரி நடந்து நடந்து காட்டுதுங்கய்யா! அந்த நொண்டிக் குதிரையை இன்னிக்கோட..."

மாஸ்டர் சாவியையே பிடுங்கிவிட்டார். ஸ்பீக்கர் அடங்கியது.

"ஒட்டகம்" என்றார் வந்தவர் மெதுவாக.

"சார், அது... செல்லப் பேரு சார்."

"செல்லப் பேரா?"

"பின்னே? ஒட்டகம்னா லேசா சார்? சொட்டுத் தண்ணி இல்லாம எவ்வளவு தூரம் ஓடும்! ஆட்டம் முழுக்க ஓடற மனுஷனை வேற எப்படிச் சொல்றது?" ஆரம்பித்த பிறகு நாக்கு தானாக ஓடியது. நிறுத்தினால் அறை விழும் என்று அதற்கும் தெரிந்திருந்தது.

"அப்போ நம்ம வலையிலேயே போட்ட அந்த கோல்?"

"அந்த உதையைப் பார்த்தீங்களா சார்! நம்ம கோல்கீப்பர், தினம் கூடவே பயிற்சி பண்றவர், அவராலேயே பிடிக்க முடியல. எதிராளி கோல்கீப்பரெல்லாம் எம்மாத்திரம்?"

வந்தவர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"உண்மையாவே கேக்கறேன் மாஸ்டர். ஒன்பதாம் நம்பர் இந்த அணிக்குத் தேவைன்னு நினைக்கிறீங்களா?"

பெரிய ஆட்டக்காரர்கள் தங்களைப் பற்றி வேறு யாரையோ சொல்வதுபோலப் பேசுவார்கள். பேட்டிகளில் மாஸ்டர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். "அவர் இல்லாட்டி அணியே இல்ல சார்" என்றார்.

"அப்போ நேத்து ஏன் அப்படிப் பேசினீங்க?"

"ஒருத்தரை யாராவது திட்டினாத்தானே சார், அவர் மேல பாசம் இருக்கிறவங்க எல்லாம் கிளம்பி வருவாங்க? அதுக்காக நானே கெட்ட பேரை வாங்கிக்கிட்டேன்."

"சரி, சிட்டு?"

மாஸ்டருக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை நிஜமாகவே அடைத்தது. போன சீசனின் கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில், மூன்று தடுப்பாளர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து சிட்டு போட்ட கோலால்தான் அணி பிழைத்தது. அன்றைக்குக் கேலரியில் முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்து மாஸ்டர் அழுதிருக்கிறார். போலீஸ்காரரும் அழுதார்.

"சிட்டு... ரொம்பச் சின்னது சார். காத்தடிச்சாப் பறந்துடும்."

"போன வருஷம் அந்தக் கடைசி கோல்?"

"அதிர்ஷ்டம் சார்." சொல்லிவிட்டு மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்ற பிள்ளையை யாரென்று தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

"கேலரியில எல்லாருமே இப்படித்தான் நினைக்கிறாங்களா? இல்ல, உங்க ஒருத்தர் அபிப்பிராயமா?"

"எல்லாரும்தான் சார். ஊரே."

வந்தவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பிறகு, கம்மிய குரலில் சொன்னார்.

"நேத்து நீங்க பேசினதைக் கேட்டுட்டு எனக்குத் தூக்கமே இல்ல மாஸ்டர். என் கணக்கு எல்லாமே தப்பாப் போச்சோ, பேசாம ஊருக்கே திரும்பிப் போயிடலாமோன்னு நினைச்சேன். அதான் அந்த ஆளைப் பார்த்து, மனசுல இருக்கறதைச் சொல்லுய்யான்னு கேக்கணும்னு இருந்தேன். சண்டை போட இல்ல."

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசியபோது, மறுமுனையில் ஒரு மனுஷன் தூங்காமல் கிடப்பான் என்று மாஸ்டருக்குத் தோன்றவே இல்லையே! பயம் போய், வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பொய்யாக ஆரம்பித்ததை இப்போது மனதாரவே சொன்னார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க சார். நீங்க இந்த ஊருக்கு வந்தது எங்க பாக்கியம். உங்க மனசுக்குப் பட்டதைச் செய்ங்க. நாங்க கூட இருக்கோம்."

வந்தவர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெரிய கை வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி வரும்போது அவர் ஒரு தப்புக்கூட செய்யவில்லை. கார் வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஸ்கூல் வாசலில் இறங்கியதுமே, வந்தவர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வருவதற்குள் ஆள் கிளம்பிப் போயிருந்தார்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தார். கவுண்ட்டரில் இருக்கும் அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர், மூஞ்சியில இவ்வளவு வெளிச்சம்?"

"இன்னிக்கு ஒரு மனுஷனைக் காப்பாத்தியிருக்கேன்கா" என்றார் மாஸ்டர், நாற்காலியில் சாய்ந்து. "ஒன்பதாம் நம்பர். பாவம், ஒடிஞ்சு போயிருந்தார். ரெண்டு நல்ல வார்த்தை சொன்னேன், தெம்பாயிட்டார். அவருக்காக நம்ம சிட்டையே விட்டுக்கொடுத்துப் பேசிட்டேன்னா பாரு. போனாப் போகுது, பேச்சுதானே? சாயங்காலம் எப்படியும் சிட்டுக்குத்தான் இடம். கிளப்புல முடிவு பண்றவங்க என்ன முட்டாளா?"

அக்கா துணியை அப்படியே நிறுத்தினாள்.

"யாரு, இப்போ வந்துட்டுப் போனாரே உசரமா, அவரா? அவர் ஆட்டக்காரரே இல்ல மாஸ்டர். யாரை வெச்சுக்கறது, யாரை விக்கறதுன்னு முடிவு பண்ண கிளப் புதுசாக் கொண்டாந்திருக்கிற அதிகாரி. இங்கே வாசல்ல நின்னு, 'ரசிகர்கிட்டயே நேர்ல கேட்டுட்டேன், சிட்டை இப்பவே வித்துடுங்க, ஒன்பதாம் நம்பருக்கு அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குங்க'ன்னு போன்ல சொல்லிட்டுத்தான் போனார்."