சீனி போடாத பிஸ்கட்டும் நான் போட்ட சீனியும்

சிவகாசியில் திரி வைக்காத பொருள்களில் மிகவும் ஆபத்தானது எது என்று கேட்டால், எங்கள் அச்சாபீஸில் வேலை பார்த்த எல்லோரும் யோசிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அரைமில்லி அண்ணாச்சி தீபாவளிக்குச் சுடும் பிஸ்கட்.

அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள்கள் பெரிய பெரிய தாள்களில் அச்சாகி வரும். அவற்றை அடுக்கி, கட்டிங் மெஷினில் கொடுத்து வெட்டுவது அவர் வேலை. கம்ப்யூட்டரில் அந்த லேபிள்களை வரைவது என் வேலை. மயிலுக்கு இறகு, சிங்கத்துக்குப் பிடரி, புஸ்வாணத்துக்கு நட்சத்திரம் எல்லாம் என் பொறுப்பு. நான் வரைந்த எதையும் அவர் ஒரு நாளும் அழகாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் அரை மில்லி கூட இருக்குலே" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவர்களையும் அவர் விட்டதில்லை. வாங்கி, நான்கு மூலையையும் அளந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரக இத பாத்தாகளா?" என்று கவலையோடு கேட்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் பிஸ்கட் சுட்டால் எப்படி இருக்கும்? நாற்பதுக்கு அறுபது மில்லிமீட்டர். நூற்றிருபது பிஸ்கட்டை அடுக்கினாலும் ஒரு முனை வெளியே நீட்டாது.

கோதுமை மாவும் கேப்பை மாவும் சலித்து, சுக்கு, மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் இத்தனையும் பொடித்துக் கலந்து, தூக்குவாளியில் ஆபீஸுக்குக் கொண்டுவருவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி. சாயங்காலம் ரொட்டி இறக்கிய பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டை, பேக்கரி மாஸ்டர் அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுப்பார். அங்கேயே வெண்ணெயும் பெயருக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழமும் சேர்த்துப் பிசைந்து, ஸ்கேல் வைத்து வெட்டிச் சுடுவார். சீனி கிடையாது. வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் கிடையாது. மறுநாள், தீபாவளிக்கு முந்தைய கடைசி வேலைநாளில், ஆபீஸில் ஆளுக்கு இரண்டு.

வாசனை மட்டும் ஊரைத் தூக்கும். அதை நம்பிக் கடித்தவர்கள்தான் பாவம். பைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசருக்குப் பல்லில் அடைத்திருந்த சிமெண்டு ஒரு கடியில் போயிற்று. மேனேஜர் தன் மேஜை மின்விசிறி ஆடாமல் இருக்க ஒன்றை அடியில் கொடுத்திருந்தார். அது அடுத்த தீபாவளி வரைக்கும் அப்படியே இருந்தது, எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. வெளியூர் டீலர் ஒருவர் மேஜையில் கிடந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த அட்டை எத்தனை ஜிஎஸ்எம்?" என்று கனத்தை விசாரித்து ஆர்டர் கொடுக்கவே தயாரானார்.

கொடுத்துவிட்டு அண்ணாச்சி எதிரிலேயே நிற்பார்.

"எப்டிலே இருக்கு?"

"வாசம் நல்லா இருக்கு அண்ணாச்சி."

"வாசம் எனக்கே தெரியும். ருசி?"

கடித்தவர் வேலை இருக்கிற மாதிரி நழுவிவிடுவார். அண்ணாச்சி தானாகச் சாப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும் மாட்டார். சுட்டவனே ருசி பார்த்து மார்க் போட்டால் அது கள்ள ஓட்டு என்பது அவர் கட்சி.

ஏன் இந்த மனுஷன் சீனி போடுவதில்லை என்பதற்கு ஆபீஸில் ஆளுக்கொரு கதை இருந்தது. ஏதோ வேண்டுதல் என்றார்கள். கஞ்சத்தனம் என்றார்கள். சின்ன வயதில் சீனி டப்பாவில் கைவிட்டு அடி வாங்கிய கோபம் என்று நான்தான் ஒரு கதை கட்டி, நடித்தும் காட்டினேன். அப்போது ஆபீஸில் சிரிக்க வைக்கிறவன் என்ற பெயர் எனக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்கிற நினைப்பு எப்போதும் இருந்தது. இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கரண்டு போயிருந்தது. எல்லோரும் காற்றுக்காக வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். காலையிலேயே கடையில் அரைக் கிலோ பொடித்த சீனி வாங்கி என் டிராயரில் வைத்திருந்தேன். கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தூக்குவாளி இருந்தது. மூடியைத் திறந்து, கைக்கு வந்தவரை கொட்டி, மாவோடு மாவாகக் கலந்து மூடினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே போய் எல்லோரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிஸ்கட் டப்பா வழக்கம்போல வந்தது. வழக்கம்போல ஒவ்வொருவரும் தயங்கி ஓரத்தைக் கடித்தார்கள். பிறகு முழுசாகக் கடித்தார்கள். சூப்பர்வைசர் மூன்றாவது கேட்டார். முதலாளி தன் அறையிலிருந்து ஆள் அனுப்பி இன்னும் இரண்டு வாங்கிவரச் சொன்னார். அண்ணாச்சி டப்பாவைப் பிடித்தபடி மெஷின் பக்கத்திலேயே நின்றார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. சிரிக்கிற பழக்கம் இல்லாத முகம். எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது.

என்னிடம் வந்தார். "நேத்து பேக்கரியில சண்டைலே. மாவு வீட்ல போட்ட எடைக்கும் அங்கன போட்ட எடைக்கும் நானூத்திப்பத்து கிராம் வித்தியாசம். உன் தராசு கள்ளத் தராசுன்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டு வந்துட்டேன். அந்த எரிச்சல்லயே சுட்டேன். அதுக்கு இம்புட்டு ருசி வந்திருக்கு பாத்தியா."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"உங்க மதினிக்கு இன்னைக்குத்தான் தீபாவளி" என்றார், தன் மனைவியைச் சொல்லி.

"ஏன் அண்ணாச்சி?"

"அவளுக்கு ஆறு வருசமா சுகர்லே. நல்லா இனிப்பு திங்கிறவ. தீபாவளி அன்னைக்கு நாலு வீட்டுப் பலகாரமும் வரும், இவ அடுப்படிக்குள்ள போயி உக்காந்துக்கிருவா. சீனியில்லாம நான் சுட்டுத் தாரேன்னேன். சீக்காளி மாதிரி நான் மட்டும் தனியா திங்கணுமாக்கும்னா. அதான் கம்பெனி பூராவும் குடுக்கேன். எல்லாரும் திங்கிறதத்தான் நீயும் திங்கேன்னு சொல்லலாம்ல. நல்லா இருந்துச்சான்னு கேப்பா. ஆறு வருசமா பொய் சொன்னேன். இன்னைக்கு உண்மையச் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, வீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த டப்பாவைப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் அடுக்கினேன். உண்மையான காரணம் பயம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தீபாவளி விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தபோது கட்டிங் மெஷினின் உறை கழற்றப்படவில்லை. மதினிக்குச் சுகர் ஏறி மயக்கம் வந்து, விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மேனேஜர் சொன்னார். பண்டிகை அலைச்சலில் மாத்திரையையும் விட்டிருக்கிறார். ஆபீஸில் எல்லோரும் பார்க்கப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் மதினி நல்லபடியாக வீடு திரும்பினார். அண்ணாச்சியும் வேலைக்கு வந்தார். வந்ததும் ஒவ்வொரு மேஜையாகப் போய், பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீ படிச்ச பய. பேரீச்சம்பளத்துல எம்புட்டு சீனி இருக்குன்னு போன்ல பாத்துச் சொல்லுலே. அதுலதான் தப்புப் பண்ணிட்டேன் போல."

பார்த்துச் சொன்னேன். சின்னத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். "கூடத்தான் இருக்கு. நான்தான் கொல்லப் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு மனுஷன் செய்யாத தப்புக்கு என்னிடமே வந்து ஆதாரம் வாங்கிக்கொண்டு போகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மதினி. மெலிந்திருந்தார்.

"அவுக காய் வாங்கப் போயிருக்காக. உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். மாவில் சீனியைக் கலந்தது நான்தான் என்று.

"யாரு போட்டான்னுதான் தெரியாது. சீனின்னு மொதக் கடியிலயே தெரிஞ்சுபோச்சு" என்றார் மதினி.

"பெறகு ஏன் சாப்பிட்டீக மதினி?"

"ஆறு வருசம் தம்பி. ஒன்னு திம்போம்னு எடுத்தேன். டப்பா காலியான பெறகுதான் நிறுத்துனேன்." குரல் தாழ்ந்தது. "அவுக நம்ம வீட்டுத் தராசுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு தெனமும் அதத் தொடச்சு, படிக்கல்ல வச்சு வச்சு எடுக்காக. நான் அடுப்படில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். சொல்ல வாய் வரல. நீங்க இருங்க. அவுக வரட்டும். உங்களத நீங்க சொல்லுங்க, என்னத நான் சொல்றேன்."

அண்ணாச்சி கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வந்தபோது, பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி நாங்கள் சுவரோரம் நின்றிருந்தோம். நான் சொன்னேன். மதினி சொன்னார். அவர் பையைக் கீழே வைக்கவே இல்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் கேட்டது, "எத்தன கிராம் போட்டே?"

"அளக்கல அண்ணாச்சி. கைக்கு வந்தது."

"அளக்காமயா போட்டே." அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் உடைந்தது. பிறகு மெதுவாக, "நானூத்திப்பத்து. பேக்கரித் தராசு சரியாத்தான் சொல்லியிருக்கு. வண்டிய எடு" என்றார்.

பேக்கரிக்குப் போனோம். மாஸ்டர் பன் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கடைக்கு முன்னால் நின்று, அன்றைக்குக் கேட்ட மாதிரியே நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்க தராச தப்பாச் சொல்லிட்டேன். தராசு சரி. எங்கிட்டதான் தப்பு. மன்னிச்சுக்கிருங்க."

"அத நான் அன்னைக்கே மறந்துட்டேனே அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

"நீங்க மறக்கலாம். சொன்னவன் மறக்கக் கூடாதுல்ல."

என் பெயரை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நானும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கிரீம் பன்களை எண்ணுகிறவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீனி போட்டதைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து அண்ணாச்சி ஒரே ஒரு வரிதான் சொன்னார். "பாத்து ஓட்டுங்க தம்பி."

"ஓட்டுங்க" என்றார். அன்றிலிருந்து ஆபீஸிலும் அப்படித்தான். "தாள் வந்துருச்சாங்க தம்பி", "லேபிள் ரெடிங்க தம்பி." லேயும் போச்சு, உரிமையும் போச்சு. என் லேபிள்களை எப்போதும்போல ஒரு நூல் பிசகாமல் வெட்டித் தந்தார். ஆனால், அரை மில்லி கூட என்றோ குறைய என்றோ ஒரு குற்றம் சொல்லவில்லை. மரியாதையால் ஒருவனை இத்தனை நாள் வதைக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஆபீஸில் எல்லோரிடமும் நானே போய் உண்மையைச் சொன்னேன். பேக்கரி மாஸ்டரிடமும் ஒருநாள் தனியாகப் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரையும் சிரிக்க வைக்கிற ஆசை எனக்கு வரவில்லை.

அடுத்த தீபாவளி நெருங்கியபோது, கட்டிங் மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏலே, நாளைக்கு லீவுதான? வீட்டுக்கு வா. கைய நல்லாக் களுவிட்டு வா. மாவு நீதான் பெசையணும்."

கிராம்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மதினி சண்டை போட்டு ஜெயித்திருந்தார். அன்று நான் பிசைய, அண்ணாச்சி சுட்ட பிஸ்கட்டை ருசியானது என்று சொன்னால் இதுவரை எழுதிய உண்மையெல்லாம் வீண். ஆனால் கடித்தால் உடைந்தது. மதினி மூன்று சாப்பிட்டு, போதும் என்று டப்பாவை மூடினார். அண்ணாச்சி மறுபடியும் மார்க் கேட்டார். ஐம்பது போடலாம் என்றேன். முப்பத்தெட்டு என்று மதினி திருத்தினார்.

இப்போது அண்ணாச்சி வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார். நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் நாரணாபுரம் போய்விடுவேன். நான் மாவு பிசையும்போது அண்ணாச்சியும் மதினியும் எதிரே உட்கார்ந்து, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வருஷம், அது சந்தேகம் என்றுதான் நினைத்திருந்தேன்.