யோபு சார் திருத்திய தாள்கள்

இது நடந்தபோது நான் அந்த வீட்டில் இல்லை. எனக்குச் சொன்னவர் பாலகுரு அண்ணன். சிவகாசியில் நாங்கள் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில் அவர் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நான் புரூஃப் பார்க்கிறேன். சரிபார்க்காத எதிலும் கையெழுத்துப் போட எனக்குப் பயம். அதனால் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். கடைசியில் வரும் ஒன்றை மட்டும் நானே போய்ப் பார்த்தேன்.

அண்ணனுக்குக் காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிஃப்ட். மூன்று மணிக்கு முன்னறைக் கட்டிலில் விழுந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுவார். அந்தத் தூக்கத்தை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. மாமனார் வந்தபோதுகூடப் படுத்தபடியேதான் வரவேற்றாராம்.

அந்தக் கட்டிலுக்குத்தான் ஜூலை மாதம் ஆபத்து வந்தது. அவர் மனைவி பாண்டிமீனா அக்கா ஃபோனில் பார்த்தே அழகெழுத்துக் கற்றவர். கல்யாணப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதுவார். வெறும் தாளை நாலு மடிப்பு மடித்தால், திறக்கும்போது உள்ளே பூ எழுந்து நிற்கும்.

"ஆகஸ்ட் முதல் சனிக்கிழமையில இருந்து வகுப்பு எடுக்கப் போறேங்க. ஆறு பேரு வாரேன்னுட்டாக. தினமும் மூணு மணிக்கு."

"எங்கன?"

"முன்ரூம்லதான்."

"அப்ப நான் எங்கன?"

"உள்ரூம்ல படுத்துக்கிடுங்க."

"உள்ரூம் ஃபேன் சுத்தாதுடி. யோசிக்கும்."

"அதாவது யோசிக்கட்டும். வீட்டுல ஒருத்தராவது யோசிக்கணும்ல."

"எழுதக் கத்துக்குடுக்க ஒரு வகுப்பா? ஒண்ணாங்கிளாஸ்லயே ஊரே கத்தாச்சு!"

அக்கா சிரிக்கவில்லை. "ஆறு பேருக்கு வாக்குக் குடுத்துட்டேன். கல்யாணமாகி நான் கேக்குறது இது ஒண்ணுதான்" என்றார்.

"பாப்போம்" என்றார் அண்ணன். அவர் அகராதியில் அதற்கு 'முடியாது' என்று பொருள். ஆனால் அதை நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. எனவே சொல்லும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். அவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

அவர் பெயர் யோபு. ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். அண்ணனுக்கு முன்னால் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அந்த முன்னறையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் தூரிகையோடு போய்ச் சேர்ந்தவர். சுவர் அலமாரிக் கதவில் அவர் எழுதிய வரி இன்னும் அழியாமல் இருக்கிறது: 'கதவை மெதுவாகச் சாத்தவும்.' வீட்டுக்கார அம்மா கருப்பம்மாள் கீழே குடியிருக்கிறார். அந்த வரியின் மேல் மட்டும் அவர் பெயின்ட் அடிக்க விடவில்லை.

அண்ணன் அந்த எழுத்தைப் பழகினார். அக்கா தூக்கிப்போட்ட பிரஷ் பேனாவை எடுத்துக்கொண்டார். மெஷின் அருகே எப்போதும் கழிவுத் தாள் கட்டாகக் கிடக்கும். டீ நேரத்தில் அதில் ஒன்பது நாள் எழுதிப் பார்த்தார். பத்தாம் நாள், ஆடி முதல் திங்கட்கிழமை, அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்.

'இந்த அறையில் வேறு யாரும் எழுதக் கூடாது.'

அக்கா வந்தார். பார்த்தார். தாளின் ஒரு முனையைத் தூக்கினார். மெல்ல விட்டார்.

"என்ன மீனா அது?" அண்ணன் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"சார் எழுத்து மாதிரி இருக்குங்க."

"எந்த சார்?"

"செத்துப்போன சார்."

"அடப்பாவமே! ஆடி மாசம் வேற. வகுப்பெல்லாம் வேண்டாம் தாயி."

அக்கா அடுப்பைப் பார்க்கப் போனார். அண்ணன் அன்று நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் கடைசி நிம்மதி.

மறுநாள் இரண்டரை மணிக்கு வீடு பூட்டியிருந்தது. கீழே கருப்பம்மாள் சாவி கொடுத்தார். "மீனா காலையிலேயே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

அண்ணன் மேலே ஏறிக் கதவைத் திறந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அலமாரியில் அந்தத் தாளின் முனை மெல்ல எழுந்து அடங்கியது. தூரத்தில் எங்கோ வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். கண்ணாடிச் சட்டம் ஒருமுறை அதிர்ந்தது.

கிட்டப் போனார். அவர் எழுதிய எழுத்துகள்மேல் சிவப்பில் மெல்லிய கோடுகள். 'ழு'வின் சுழிமேல் ஒரு வட்டம். கீழே, அலமாரிக் கதவில் இருந்த அதே கையெழுத்து:

'இறங்கும் கோட்டில் அழுத்து. ஏறும் கோட்டில் விடு. மீண்டும் எழுது.'

தொட்டுப் பார்த்தார். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

"உடம்பெல்லாம் குளுந்துபோச்சுலே" என்றார் என்னிடம். "ஆடி வெயில்ல, சிவகாசியில, எனக்குக் குளுருது!"

"அக்காவிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? மொதத் தாளு என்னோடது, ரெண்டாவதுதான் பேயோடதுன்னா?"

எனக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. "அக்காவே எழுதியிருக்கலாமே அண்ணே?"

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ ஏதோ பூ வரையுறான்னு நெனச்சிருந்தேன். அம்புட்டு வித்தை இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஆகவே அவர் மீண்டும் எழுதினார். கேட்டது வாத்தியார். அதிலும் செத்த வாத்தியார். மாட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் பதில் வந்தது. 'பரவாயில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி சமமாக இல்லை. பத்து முறை.' பத்து முறை எழுதினார். அடுத்த நாள்: 'பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு எழுது. சோம்பேறி.' அண்ணன் உடனே ஸ்கேலைத் தேடினார். பள்ளியில் அவரை எல்லா வாத்தியாரும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

இரண்டாம் வாரம் யோபு சார் தாள்வேலைக்கு மாறினார். 'ஓர் உறை மடித்து வை. கத்தரி கூடாது.' வெறிச்சோடிய அறையில், சார் விட்டுப்போன நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல், தரையில் உட்கார்ந்து அண்ணன் உறை மடித்தார். நாலு முறை கோணலாகப் போனது. அடுத்து, திறந்தால் வீடு எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை. தூக்கம் போயிற்று. இரண்டு கிலோ எடை போயிற்று. ஆனால் 'ழு' வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசித் தாள். அதில் சிவப்புக் கோடே இல்லை. ஒரே வரி:

'கட்டில் வழியில் நிற்கிறது.'

அண்ணன் தனியாளாகக் கட்டிலை உள்ளறைக்கு இழுத்தார். மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

மாலையில் அக்கா வந்து வெற்றிடத்தைப் பார்த்தார். "ஏங்க, எனக்காகவா சிரமப்பட்டீக?"

"நீ நடத்து மீனா. நல்லா நடத்து. எழுத்துன்னா சும்மாவா?"

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முன்னறையில் பாயில் ஆறு பெண்கள், அரை மணி முன்னதாகவே. எதிர்ச் சுவரில் ஒரு கயிறு. அதில் வரிசையாகத் துணிக்கவ்வி மாட்டிய தாள்கள். எல்லாம் அவர் எழுதியவை. உறையும் இருந்தது. வீடும் எழுந்து நின்றது. மேலே அழகெழுத்தில் அக்கா எழுதியிருந்தார்: 'எழுதவே வராத ஒருவர், பன்னிரண்டு நாளில்.'

அண்ணன் அலமாரியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பாயில் முதல் ஆளாகக் கருப்பம்மாள். அவர் மடியில் பசைப் புட்டி.

"சாவி என்கிட்டதானப்பா இருந்துச்சு" என்றார் கருப்பம்மாள். "மீனா எழுதிக் குடுக்குறதை ரெண்டேகாலுக்கு ஏறி ஒட்டிட்டு எறங்கணும். முட்டி வலி உசுரு போச்சு."

"மீனா... உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா முதல் தாளைக் கயிற்றிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தினசரி காலண்டர் அச்சு: பிப்ரவரி ஒன்பது. அடுத்த வருடம். எங்கள் அச்சகத்தில் ஆடிக்கு முன்பே அடுத்த வருடம் வந்துவிடும். அங்கே கழிவுத் தாளின் வெற்றுப் பக்கத்திலேயே எழுதிப் பழகி, அச்சான முன்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோகும்.

"நாலு வருஷத்துக்கு முன்னால செத்தவருக்கு, இன்னும் கடைக்கே வராத காலண்டரை எந்தக் கம்பெனிங்க குடுத்துச்சு?"

கருப்பம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார். "உனக்கு என்ன ராசிப்பா? விருச்சிகமா? இந்தா போட்டிருக்கு. விருச்சிகம், அவமானம்."

இதுவரை அண்ணன் சொன்னது. அவர் கூட்டிச் சொல்லியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். தங்கை கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுத வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அலமாரிக் கதவில் அந்த வரி இருந்தது. அக்காவிடம் கேட்டு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆறு பெண்களும் ஆகஸ்டில்தான் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, மாணவர் எண் ஒன்று: பாலகுரு. சேர்ந்த நாள், ஆடி முதல் திங்கள். இன்றுவரை ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.