மணி அடித்தால் தாகம்

எந்தச் சபையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆளும் கட்சிக்காரர் என்றொரு சாதி, எதிர்க்கட்சிக்காரர் என்றொரு சாதி இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் மூச்சு விடுவதில்லை. எல்லா விஷயத்திலும் நிலைப்பாடு வைத்திருப்பார், எந்த வாக்கெடுப்பிலும் இருக்க மாட்டார். தோற்காத பிறவி. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கைப் போல, பிடிக்கப் போனால் கையில் ஈரம் மட்டும்தான் மிஞ்சும்.

நம்மவர் அந்த இனத்தில் அசல். சக உறுப்பினர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வராந்தா'. காரணம் இருக்கிறது. அந்தச் சபையில் வாக்கெடுப்புக்கு முன்னால் மூன்று நிமிடம் மணி அடிப்பார்கள். நூலகத்தில் தூங்குகிறவர், முடிவெட்டிக்கொள்கிறவர், தொலைபேசியில் மருமகனைத் திட்டிக்கொண்டிருக்கிறவர் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடி வருவார்கள். மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அனுமதி இல்லை. அத்தனை பேரும் உள்ளே ஓடும்போது, ஒரே ஒருவர் மட்டும் வேட்டைக்காரனைப் பார்த்த முயல் மாதிரி வெளியே வருவார். மணி அடித்தால் அவருக்குத் தாகம் எடுக்கும். வராந்தாக் கோடியில் டீ ஆற்றும் பெரியவருக்கு இது அத்துப்படி. மணிச் சத்தம் கேட்டதும், கேட்காமலே ஒரு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவார்.

பதினோரு வருஷத்தில் முந்நூற்று நாற்பது வாக்கெடுப்பு. சபை வெளியிடும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே முந்நூற்று முப்பத்தொரு இடத்தில் 'வரவில்லை' என்று இருக்கிறது. மிச்சம் ஒன்பது? ஆறு, உறுப்பினர்களின் பயணப்படியை உயர்த்தும் தீர்மானங்கள். இரண்டு, கூட்டத்தை ஒரு நாள் முன்னதாக முடித்துக்கொள்வது பற்றியவை. ஒன்று விபத்து: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்துவிட்டார், விழித்துப் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. பதறிப் போய் 'நடுநிலை' என்ற பொத்தானை அழுத்தி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஆனால் பேச்சு? அடடா, பேச்சில் அவரை அசைக்க முடியாது. போர் வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள்; "அமைதிக்காக நான் எந்த எல்லைக்கும் போவேன்" என்பார். இரண்டு தரப்பும் கை தட்டும். வரி? "மக்களை வாட்டாத, அதே சமயம் கஜானாவை நிரப்புகிற வரியே என் கொள்கை." காட்டை வெட்டிச் சாலை போடலாமா? "மரமும் வேண்டும், மரத்தைப் பார்க்கப் போகச் சாலையும் வேண்டும்." எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு வாக்கியம் வைப்பார், ஆரத்தித் தட்டு மாதிரி: "இந்த விஷயத்தில் என் நிலைப்பாடு மிகத் தெளிவானது." அந்த வாக்கியம் வந்துவிட்டால் நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம், அதற்குப் பிறகு தெளிவாக எதுவும் வராது.

வீட்டிலும் இதே கதைதான். மகளுக்குத் தொலைதூர ஊரில் வேலை கிடைத்தது. போகலாமா கூடாதா என்று மனைவி கேட்டாள். அவர் எழுந்து, ஒழுகாத குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

"காபியா டீயான்னு கேட்டாலே ரெண்டுலயும் நல்லது இருக்குங்கற மனுஷன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, தானே முடிவு பண்ணி மகளை ரயிலேற்றி விட்டாள். மகள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, "நான் அப்பவே அந்தப் பக்கம்தான்" என்றார் நம்மவர்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அந்தப் பஞ்சாலை மசோதாதான் வந்து கெடுத்தது.

மசோதா சின்னதுதான். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்காகச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போன தொழிலாளிக்கு, வேலையை விட்ட பிறகும் ஆலை வைத்தியம் பார்க்க வேண்டும், அவ்வளவே. அதுவரை இருந்த வழக்கப்படி, வேலையை விட்டு ஒரு வருஷம் ஆனால் ஆலை ஆஸ்பத்திரியில் பெயரை அடித்துவிடுவார்கள். ஆலை முதலாளிகள் விருந்து வைத்தார்கள். நம்மவர் அங்கே போய், "தொழிலின் கழுத்தை நெரிக்கும் எந்தச் சட்டத்தையும் ஏற்க மாட்டேன்" என்றார். மறுநாள் தொழிலாளர் கூட்டம். அங்கே போய், "தொழிலாளியின் மூச்சை நெரிக்கும் எதையும் பொறுக்க மாட்டேன்" என்றார். நெரிப்பது என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு மாலை வாங்கிய சாமர்த்தியத்தை நினைத்து, காரில் வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்கா இருபத்தெட்டு வருஷம் அதே பஞ்சாலையில் நின்றவள். அவள் அங்கே நின்ற காலில்தான் இவர் கல்லூரியில் உட்கார்ந்தார். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. போன வருஷம் வேலையை விட்டுவிட்டாள், நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார வேண்டியிருந்ததால். ஆஸ்பத்திரிச் சீட்டு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ராத்திரியில் மூச்சுக்காக அவள் மூக்கில் மாட்டிக்கொள்ளும், ஆலை ஆஸ்பத்திரி கொடுத்த சின்ன இயந்திரத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"தம்பி, நாளைக்கு ஓட்டு போடுற நாளாமே?"

"ஆமாக்கா. இந்த விஷயத்துல என் நிலைப்பாடு ரொம்பத் தெளிவு…"

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா." அவள் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "மணி அடிக்கும்போது நீ உள்ள இரு. அது போதும்."

"இருப்பேன்க்கா. சத்தியமா இருப்பேன்."

இதை அவர் மனசாரத்தான் சொன்னார். நம்புங்கள். இந்த இனத்தாரிடம் ஒரு வேடிக்கை உண்டு: பொய்யே சொல்ல மாட்டார்கள், சொல்கிற நிமிஷத்தில் எல்லாமே நிஜம். சொன்ன சூட்டோடு, அக்கா பார்க்க வேண்டும் என்று பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா வந்தாள். மாடத்துக்கு முப்பத்தெட்டுப் படி. மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, முதல் வரிசையில் இடம் பிடித்தாள். நம்மவர் கீழே தன் நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்துக் கையை அசைத்தார். அவளும் அசைத்தாள். 'இன்றைக்கு நான் யார் என்று காட்டுகிறேன்' என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பச்சைப் பொத்தான் எது, சிவப்புப் பொத்தான் எது என்று பக்கத்து உறுப்பினரிடம் விசாரித்து வைத்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அதே மேஜைதான்.

மணி அடித்தது.

தொண்டை வறண்டது. 'வேண்டாம், உட்கார்' என்றது மனசு. பழகிய கால் மனசைக் கேட்குமா? 'மூன்று நிமிஷம் இருக்கிறதே, ஒரு வாய் குடித்துவிட்டு வந்துவிடலாம்' என்று கால் சமாதானம் சொல்லிக்கொண்டே அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. டம்ளர் தயாராக இருந்தது. ஒரு வாய் குடித்தார், நிஜமாகவே திரும்பினார். திரும்பிய இடத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர், கையில் ஒலிவாங்கியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ஒரே வார்த்தை. பஞ்சாலை மசோதா, ஆதரவா எதிர்ப்பா?"

'ஆதரவு' என்பது நான்கே எழுத்து. சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. வாயைத் திறந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்குப் பின்னால் முதலாளிகள் சோபாவில் சாய்ந்து பார்ப்பது தெரிந்தது, தொழிலாளர்கள் டீக்கடையில் நின்று பார்ப்பதும் தெரிந்தது.

"இந்த விஷயத்தில் என் நிலைப்பாடு மிகத் தெளிவானது. ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரம் இருப்பதுபோல, தொழிலும் தொழிலாளியும்…"

"ஐயா, ஒரு நிமிஷம்தான் இருக்கு!" கதவருகே நின்ற வாயிற்காவலர் குரல் கொடுத்தார்.

நம்மவர் அவரை நோக்கி 'இதோ' என்று ஒரு விரலைத் தூக்கினார். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா? முதல் சக்கரத்தைத்தான் சொல்லியிருந்தார். இரண்டாவது சக்கரம், பிறகு அச்சாணி, பிறகு வண்டி போக வேண்டிய பாதை, பாதையில் உள்ள மேடு பள்ளம் என்று அவர் விவரித்துக்கொண்டிருந்தபோது மணி நின்றது. கதவு சாத்தப்பட்டது. நிருபருக்கே பாவமாகப் போய், "சார், ஓட்டு?" என்றாள்.

டம்ளரோடு ஓடினார். கதவைத் தட்டினார். "திறப்பா! இன்னைக்கு நான் உள்ள போகணும்ப்பா!"

"விதி ஐயா" என்றார் வாயிற்காவலர், நிஜமான குழப்பத்தோடு. "நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தானே இருப்பீங்க?"

வராந்தாவில் ஒரு பலகை உண்டு, உள்ளே விழும் வாக்குகளை எண்ணில் காட்டும். ஆதரவு நூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பு நூற்றுப் பன்னிரண்டு. சரிசமமானால் மசோதா விழும் என்பது அந்தச் சபையின் விதி. விழுந்தது. நம்மவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு எண்ணிக்கையில் தன்னுடைய ஒன்று எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

அக்கா இறங்கி வர ரொம்ப நேரம் ஆயிற்று. இறங்குவதற்கும் மூச்சு வேண்டுமே. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நம்மவர் அவள் எதிரே போய் நின்றார்.

"அக்கா, கதவைச் சாத்திட்டாங்கக்கா. ஒரு செகண்டுல தவறிப் போச்சு. ஆனா என் மனசு முழுக்க உன் பக்கம்தான், தெரியும்ல?"

அக்கா அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்படவும் காற்று வேண்டும்.

"மேல இருந்து தேடினேன் தம்பி. மனசு தெரியல. நாற்காலிதான் தெரிஞ்சுது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டீ ஆறிப் போகுது பாரு, குடி."

சாயங்காலம் அவர் பேட்டி எல்லா வீட்டிலும் ஓடியது. முதலாளிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது: "வண்டி உதாரணம் பிரமாதம்." தொழிலாளர் சங்கத்திலிருந்தும் வந்தது: "உங்களை மாதிரி நாலு பேர் உள்ளே இருந்திருந்தா மசோதா ஜெயிச்சிருக்கும்." பதிவேட்டில் இன்னொரு 'வரவில்லை' ஏறியது. மாதக் கடைசியில் ஆலையிலிருந்து இரண்டு பேர் வந்து அக்காவின் இயந்திரத்தை ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்; நம்மவர் கூடவே நின்று, வாசல்வரை வழிவிட்டார். வேறு இயந்திரத்துக்கு இப்போது ஊரெல்லாம் அலைகிறார். பார்க்கிற இடத்தில் எல்லாம், இந்த விஷயத்தில் தன் நிலைப்பாடு என்ன என்று சொல்கிறார்.

என்ன ஆள் இவர் என்று உங்களுக்கு ஆத்திரமாக வருகிறது, இல்லையா? எனக்கும் வருகிறது. நல்லவேளை, நீங்கள் அப்படி இல்லை. போன மாதம் உங்கள் குடியிருப்பில் கூட்டம் நடந்ததே, கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட காவல்காரரை வேலையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று. பாவம் அந்த மனுஷன், என்று நீங்கள்தான் எல்லாரையும்விட நன்றாகப் பேசினீர்களாம். பிறகு செயலாளர், "வெச்சுக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றபோது, சரியாக அந்த நேரம் பார்த்து நாற்காலிக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

கிடைத்ததா?