சிவந்தால் மருமகள்தான்

உழவர்கரையில் அம்மாவாசைச் சாமியைப் பார்க்க விடியற்காலையிலேயே வரிசை. இவரிடம் சூடம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. பிளாஸ்திரி! காயத்துக்கு ஒட்டுகிறோமே, அதேதான். யார்மேல் சந்தேகமோ அவர் பெயரை அதில் எழுதிக் கையில் ஒட்டுவார். மூன்றாம் நாள் பிரிப்பார். அடியில் தோல் சிவந்திருந்தால் செய்வினை வைத்தது அந்த ஆள்தான். அப்படி ஒருவர் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. நாடு முன்னேறுகிறது.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா கன்னியம்மாள் மீன் அரியும்போது விரலை வெட்டிக்கொண்டார். பிளாஸ்திரி ஒட்டிய இடமெல்லாம் சிவந்து கொப்புளம். சாமியிடம் கிளம்பினார். எனக்கு வகுப்பு மாலையில்தான் என்பதால், அவர் மருமகள் சிந்துஜாவோடு நானும் போனேன்.

சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "பிளாஸ்திரி ஒட்டுனா அரிக்குமா?"

"எப்பவுமே அரிக்கும் சாமி."

"வூட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

கன்னியம்மாள் மெதுவாக மருமகளைத் திரும்பிப் பார்த்தார். சிந்துஜாவின் பெயர் எழுதிய பிளாஸ்திரி கன்னியம்மாளின் வலது கையில் ஏறியது. சிவந்தால் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரக்கூடாது.

அந்த முதல் கேள்வி என்னை உறுத்தியது. அங்கேயே உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களை நோட்டில் குறித்தேன். அரிக்கும் என்ற ஒன்பது பேருக்கும் பிளாஸ்திரி. அரிக்காது என்ற முப்பத்திரண்டு பேருக்கும் கறுப்புக் கயிறு. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மூன்று முறை கூட்டினேன். பிறகு சிந்துஜாவிடம் நீட்டினேன். படித்தாள். சிரிக்கவில்லை.

அன்று வீட்டில், "அத்தை, உங்க இடது கையில நான் ரெண்டு கட்டு போடறேன். என்ன பேருன்னு கேக்காதீங்க" என்றாள்.

"போடு. போற பொண்ணு ஆசப்படுற."

மூன்றாம் நாள். மகன் எழிலரசன் மனைவியின் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, சாமி வாசலில் தலைகுனிந்து நின்றான். சாமி வலது கைப் பிளாஸ்திரியைப் பிரித்தார். செக்கச்செவேல்!

"பாத்தியா? கட்டம் போட்டுக் காட்டிட்டா ஆத்தா!"

"இந்தக் கையையும் பாருங்க" என்றாள் சிந்துஜா.

முதலில் பருத்தித் துணிக்கட்டை அவிழ்த்தாள். உள்ளே சீட்டு: சிந்துஜா. தோல் சுத்தமாக இருந்தது. அடுத்தது மருந்துக்கடைப் பிளாஸ்திரி. உரித்தாள். சிவப்பு, கொப்புளம். மேலே எழுதியிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தாள்: "அம்மாவாசை."

கூட்டம் வாயைத் திறந்தது. மூடவில்லை.

"யோவ், உனக்கும் எனக்கும் என்னய்யா பகை?" என்றார் கன்னியம்மாள்.

"சாமி பேர எழுதுறது... தெய்வக் குத்தம்மா..."

"பேருல ஒண்ணுமில்ல அத்தை. உங்க தோலுக்கு அந்தப் பசை ஒத்துக்கல. அரிக்கும்னு சொல்றவங்களுக்கு மட்டும் இவரு ஒட்டுறாரு."

ஒரு கையை வைத்து முடிவு கட்டலாமா என்று எனக்குள் பயம். "பேரே எழுதாம எங்களுக்கும் ஒட்டுய்யா, பாப்போம்!" என்று அரிக்கும் கோஷ்டி எழுந்தது. சாமிக்கு அவசரமாகத் தியானம் வந்துவிட்டது. அதைச் செய்யப் பின்வாசல் வழியாக ஓடினார்.

"பெட்டிய எறக்குடா" என்றார் கன்னியம்மாள் மகனிடம்.

தோலுக்கு இருக்கிற புத்தியைப் பாருங்கள்: ஒத்துக்கொள்ளாத சரக்கு மேலே பட்டதுமே கொதிக்கிறது. நம் தலை எதை வந்து ஒட்டினாலும் ஒத்துக்கொள்கிறதே, அதற்கு எப்போது அரிக்கும்?