மாயாண்டியின் வியாழக்கிழமை

ஸ்ரீ தண்டபாணி விலாஸ்,
கடைவீதி, கந்தப்பளை.
7-11-1957

கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்களின் சமூகத்துக்கு, கந்தப்பளையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் வீ. நல்லமுத்து அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கடையும் முருகன் கிருபையால் மழை உள்ளே வராத அளவுக்குச் சௌக்கியம். தாங்களும், தங்கள் காரியாலயத்தில் உள்ளவர்களும், முக்கியமாகப் புதன்கிழமைதோறும் ‘தொழில் நடத்துவோர் கவனத்துக்கு’ என்ற பகுதியை எழுதுகிற சட்ட நிபுணர் அவர்களும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். அவர் சௌக்கியமாக இருந்தால் போதும். கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நான் சட்டத்துக்கு விரோதி அல்ல என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடைவீதியில் தங்கள் பத்திரிகை வாங்குகிறவர்கள் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் அதை வடை மடிக்க வாங்குகிறார்கள். நான் வாசித்துவிட்டு மடிக்கிறேன். அதுதான் நான் செய்த தப்பு. வாசிக்காமலே மடித்திருந்தால் இன்றைக்கு இந்த அலைச்சல் இல்லை. வாசித்தவுடன் மனசு கேட்காது, அரசாங்கம் சொல்லிவிட்டதே, நாளைக்கு ஒருவன் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ராத்தூக்கம் போய்விடும். வருமான வரிப் படிவம் பற்றி நிபுணர் எழுதிய வாரம், எனக்கு வரி வருமா வராதா என்று கேட்க நுவரெலியாவுக்கு மூன்று தரம் போய் வந்தேன். வராது என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

என் கடையில் ஒரே ஒரு தொழிலாளி, பெயர் மாயாண்டி. டயகமத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவன், வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. கல்யாணம் கட்டவில்லை. சாப்பாடு கடையில், படுக்கை பின்னறையில் மா மூட்டைக்குப் பக்கத்து வாங்குப் பலகையில். காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவான், ஐந்தரைக்கு நான் மாடியிலிருந்து இறங்கும்போது முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பாதிப் பேர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். என்ன நேரம் தொடங்குவது, என்ன நேரம் முடிப்பது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது. தீபாவளி, பொங்கல், என் சம்சாரம் தவறிப்போன மூன்று நாள், இவை தவிர இந்தக் கடை கதவு சாத்தியதில்லை. அப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் தங்கள் நிபுணர் பேனாவை எடுத்தார்.

முதலில் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். சரி என்று நுவரெலியாவில் ஒருவரிடம் இங்கிலீஷில் டைப் அடித்து, நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, வெற்றிலை பாக்கோடு இரண்டு கையாலும் நீட்டினேன். மாயாண்டி வாங்கவில்லை. எனக்குப் பிறகுதான் புரிந்தது. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் துரை கொடுக்கிற கடுதாசி என்றால் ஒன்றே ஒன்றுதான், வேலையை விட்டு நீக்கி லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்கிற பத்துச்சீட்டு. டயகமவில் அவன் அப்பனுக்கு அதைக் கொடுத்தபோது இவன் பக்கத்தில் நின்றவன். “நான் என்னங்க தப்பு செஞ்சேன்?” என்று கேட்டுக்கொண்டே டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டான். நான் சொல்லி அவன் நம்பவில்லை. கடைசியில் தபால் மாஸ்டரைக் கூட்டி வந்து, தமிழில் வாசித்துக் காட்டி, பெட்டியை இறக்கி வைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்தவன், “அப்ப இத்தன வருசமா நான் வேலையில இல்லீங்களா?” என்று கேட்டான். அதற்குப் பதில் நிபுணருக்குத் தெரிந்தால் எழுதட்டும்.

அடுத்தது ஓய்வு நாள். வாரத்துக்கு ஒன்றரை நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடியாது, தோட்டத்துச் சனம் எல்லாம் அன்றைக்குத்தான் ரோட்டுக்கு வருகிறது. ஆகவே புதன் மத்தியானத்திலிருந்து வியாழன் ராத்திரி வரை என்று அட்டவணை எழுதிச் சுவரில் தொங்கவிட்டேன். மாயாண்டி அதை நின்று பார்த்தான். “அன்னைக்கு நான் எங்கங்க இருக்கிறது?” என்றான். “எங்கயாவது இரு. வேல செய்யாம இருந்தாச் சரி. கவர்மெண்டு சொல்லுதுல்ல” என்றேன். முதல் வியாழக்கிழமை வழக்கம்போல நாலு மணிக்கே எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, முன்வாங்கில் வந்து உட்கார்ந்தான். வேறு எங்கே உட்காருவான், அவன் வீடு அதுதானே. நான் அடுப்பு மூட்டினேன், ஈர விறகு, கண்ணெல்லாம் புகை. “மொதலாளி, ஒரு தேத்தண்ணி” என்றான். கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னான், “சாயம் பத்தலீங்க.” இரண்டாவது வியாழன் வடையைத் திருப்பி அனுப்பினான், உள்ளே வேகவில்லையாம். மூன்றாவது வியாழன் கடையில் உட்கார இடம் இல்லை. நான் கிளாஸ் தூக்குகிறதையும் அவன் குறை சொல்கிறதையும் பார்க்க ஊரே வந்திருந்தது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது அந்த வாரத்தில்தான்.

நாலாவது வியாழன் தொழில் பரிசோதகர் துரைராசா ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். வேலை நேரம் பதிகிற புத்தகம் பார்த்தார், அட்டவணை பார்த்தார், எல்லாம் தங்கள் பத்திரிகையில் உள்ளபடியே இருந்ததால் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மாயாண்டிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெரிய மனுஷர் வந்திருக்கிறார், முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுந்துபோய், தன் கையால் முதல் தரமான தேத்தண்ணி ஒன்று போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டான். ஐயா கிளாஸையும் பார்த்தார், புத்தகத்தையும் பார்த்தார்.

“இவருக்கு இண்டைக்கு லீவெண்டு போட்டுக் கிடக்குது. பிறகேன் கிளாஸ் தூக்கிறார்?”

“பழக்கதோஷங்க ஐயா” என்றேன்.

“பழக்கத்துக்குத்தான் ஐசே சட்டம் வந்தது” என்று சொல்லி, அடுத்த முறை கண்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும் என்று எழுதிக் கையில் கொடுத்தார். தேத்தண்ணியை மட்டும் முழுதும் குடித்தார், இவ்வளவு நல்ல தேத்தண்ணி இந்தப் பக்கத்தில் குடித்ததில்லை என்றும் சொன்னார். அது யாருக்குப் பாராட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகுதான் தங்களுக்கு ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். ‘ஓய்வு நாளில் தொழிலாளி வேலைத்தலத்தில் காணப்படாதிருப்பதே உசிதம்’ என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். ஒரு வரி எழுதத் தங்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அந்த ஒரு வரியால் மறு வியாழக்கிழமை காலையில் நான் மாயாண்டி கையில் என் குடையைக் கொடுத்து, அவன் படுத்து எழும்பிய இடத்திலிருந்து அவனை வெளியே அனுப்பினேன். மழையில் முன்கதவுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். அங்கே நின்றாலும் வேலைத்தலம்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்து, “இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போ” என்று கையைக் காட்டினேன். அவன் தள்ளிப்போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அந்த பஸ் உடப்புசல்லாவை பஸ். அங்கே பேச்சியம்மா என்று ஒரு அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், புருஷன் இல்லை, முழங்காலில் வாதம். மாயாண்டி ஒதுங்க இடம் தேடி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். மத்தியானக் கூட்டத்தில் அந்த அம்மாள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு இவன் எழுந்து சோறு பரிமாறியிருக்கிறான். அடுத்த வியாழனும் போனான். அதற்கடுத்த வியாழனும் போனான். என் கடையில் ஓய்வு கொடுத்தால் அங்கே போய் வேலை செய்து அதைக் கழிக்கிறான், இதுவா சட்டத்தின் நோக்கம்? போன வியாழன் ராத்திரி வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, “அந்தம்மா என்னக் கல்லாவுல ஒக்காரச் சொல்லுறாங்க” என்றான். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

பத்திராதிபர் அவர்களே, எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. இருபத்தொரு வருடத்தில் நான் மாயாண்டியைக் கல்லாவில் உட்கார வைத்ததில்லை. நம்பிக்கை இல்லாமல் அல்ல, என் வீட்டுச் சாவிக்கொத்தே அவன் இடுப்பில்தான் கிடக்கிறது. அப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். என் சம்சாரம் போன பிறகு இந்த வீட்டில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கிற வாய் அது ஒன்றுதான். அவன் போய்விட்டால் கடை படுத்துவிடும் என்பது ஒரு பக்கம். கடை நிமிர்ந்து நின்றாலும் நான் படுத்துவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகையால் தாங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். ஓய்வு நாளில் தொழிலாளி தன் சொந்த இஷ்டப்படி கடையிலேயே சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று நிபுணரைக் கொண்டு ஒரு வரி எழுத வையுங்கள். அதோடு இந்தக் கடிதத்தையும் அப்படியே அச்சில் போடுங்கள். அந்த நாலாவது வியாழனுக்குப் பிறகு மாயாண்டியின் ஓய்வு நாளில் நான் அவனை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடச் சொன்னதில்லை என்று தண்டபாணி சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். துரைராசா ஐயா அதை வாசித்தால் மனம் இரங்குவார், மாயாண்டியும் மழையில் உடப்புசல்லாவைக்குப் போக வேண்டியிருக்காது.

தங்கள் அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடவும், கடதாசி விலை இறங்கவும், நிபுணர் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கவும் எல்லாம் வல்ல முருகனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கட்டுப்பட்டே களைத்துப்போன,
வீ. நல்லமுத்து

பி.கு.: எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். இந்தப் பின்குறிப்பு மட்டும்தான் என் கையெழுத்து. எனக்கு நீளமாக எழுத வராது, மேலே உள்ளதை எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது மாயாண்டி. உடப்புசல்லாவைக்குப் போகிற வழியில் ராகலைப் பக்கம் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, அதனால் கடையில் இருந்தான். வியாழக்கிழமையும் அதுவுமாக நான் அவனை எழுத வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது, சத்தியம் செய்கிற இடம் வந்தபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. “மொதலாளி, இதுவும் வேலதானுங்களே” என்றான். ஆகவே தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம்.

கல்லா விஷயத்தைச் சொல்லும்போது நான் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நேரே சொல்ல வாய் வரவில்லை, தங்களுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டதால் வந்தது. அவன் ஒரு எழுத்தும் விடாமல் எழுதினான். முடிந்ததும், “பொங்கல் கழிச்சு பேச்சியம்மா கடைக்குப் போறேங்க. வாக்குக் குடுத்துட்டேன். அங்கயும் வியாழக்கிழமைதான் லீவு கேட்டிருக்கேன், லீவுக்கு இங்க வந்துருவேங்க” என்றான். “வா” என்றேன்.

நிபுணரிடம் இனி ஒரே ஒரு சந்தேகம்தான், அதற்கு மட்டும் பதில் தரச் சொல்லுங்கள். வேறு கடைத் தொழிலாளி தன் ஓய்வு நாளில் என் கடைக்கு வந்து, வந்த இடத்தில் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால், அந்தக் குற்றம் யார் புத்தகத்தில் ஏறும்? என் புத்தகத்தில்தான் என்றால், ஏறட்டும்.