இரண்டரை மணி பிந்தும் கடிகாரம்

786
விருத்தாசலம்
14.8.1976

அன்புள்ள மாப்பிள்ளை நைனா முகம்மதுக்கு, மாமா முகம்மது கனி அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் மாமி, உங்கள் மனைவி சாதிகா மூவரும் ஆண்டவன் கிருபையால் சுகம். குவைத்தில் உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். சுகமில்லாதது நீங்கள் அனுப்பிய சுவர்க் கடிகாரம் ஒன்றுதான்.

அது வந்த பெருமையில் என் கைக்கடிகாரத்தை மச்சானுக்குக் கொடுத்துத் தொலைத்தேன். மறுவாரமே நல்லூரில் ஒரு நிக்காஹ். சுவரில் ஏழு மணிதானே என்று குளித்து, அத்தர் பூசி, நிதானமாகப் போய் இறங்கினால் பிரியாணிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதும் வெளிநாட்டுச் சாமான் தப்பாது, பீங்கான் கம்பெனிச் சங்குதான் தப்பு என்று கேட்டில் போய்ச் சண்டை போட்டேன். வாட்ச்மேன் விருத்தகிரி, "சங்கு தப்புன்னா, எங்க எரநூறு பேருக்கும் பசிக்கிறதும் தப்பா பாய்?" என்று கேட்டார். பிறகுதான் ரிப்பேர் கடை மாணிக்கவேலிடம் தூக்கிப் போனேன். அங்கே எட்டு நாள் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடியது. வீட்டில் மாட்டினேன், மறுநாளே இரண்டரை மணி பிந்திவிட்டது. பேட்டரிக் கட்டை மாற்றினேன், இரண்டரை மணி. பக்கத்துப் பீங்கான் கம்பெனிச் சூளைச் சூடோ என்று எதிர்ச் சுவரில் மாட்டினேன், அதே இரண்டரை மணி. பிந்துகிற கடிகாரம் ஒரு நாள் கால் மணி, ஒரு நாள் அரை மணி என்று முன்னேபின்னே பிந்தாதோ? மாணிக்கவேல், "மிஷின்ல குத்தமில்லீங்க பாய், வூட்டுலதான் ஏதோ இருக்குது" என்று கைகழுவிவிட்டார். உங்கள் மாமி ஓதி ஊதியும் பார்த்தாள். சாதிகாவைக் கேட்டால், "எனக்கென்னங்க அத்தா தெரியும்" என்று அடுப்படிக்குள் போய்விடுகிறாள். ஊரில் என்னைக் கண்டால் மணி கேட்டுச் சிரிக்கிறார்கள், மாப்பிள்ளை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நாளை குவைத் புறப்படும் உமர் பாரூக்கிடம் அதைத் திருப்பி அனுப்புகிறேன். கடைக்காரனிடம் கொடுத்து வேறு மாற்றி வாங்கவும். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
மாமா முகம்மது கனி

பின்குறிப்பு: கடிகாரத்தைப் பொட்டலம் கட்டச் சொன்னதும் சாதிகா அழுதுவிட்டாள். "அது கெடலீங்க அத்தா. குவைத்து மணி நம்ம மணிக்கு ரெண்டரை மணி பின்னாலயாம். நீங்க சரிபண்ணி வைக்கிறப்பல்லாம் நான்தான் முள்ளைத் திருப்பி வைக்கிறேன். அவங்க இப்ப எழுந்தாங்களா, சாப்பிட்டாங்களான்னு பாத்துக்குவேன்" என்றாள். கடிகாரம் இங்கேயே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரம் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.